அம்மாவின் நெஞ்சுப் படம்

எழுதுகிற தகுதி எனக்கு இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவும் கூச்சப்படுகிறவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாடு சுதந்திரமடைந்த மெர்டேக்காவுக்கு மறுவருடம். காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். தம்பி கைக்குழந்தை. அம்மாவுக்கு இருமல் விடவில்லை என்று அப்பா கிளினிக்கிற்கு அழைத்துப் போனார். எக்ஸ்ரே படத்தில் வலது நெஞ்சில் ஒரு நிழல் இருந்தது. டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டதை, அவருக்கு உதவியாக இருந்த டிரஸ்ஸர் தமிழில் கேட்டார்.

“முன்ன எப்பவாச்சும் காசம் வந்திருக்காம்மா?”

அம்மா அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு, “இல்லைங்க” என்றாள்.

“புதுசா வந்ததுன்னா வார்டுல படுக்கணும். பிள்ளைய கிட்ட விடமாட்டாங்க. பழைய படம் எதுவும் இருந்தா அடுத்த வாரம் கொண்டாங்க. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாத்தான் டாக்டர் முடிவா சொல்ல முடியும்.”

விஷயம் கேள்விப்பட்டு, ரப்பர் தோட்டத்திலிருந்து மாமா வந்தார். அப்பா வீட்டில் இல்லை. அடுப்படியில் மாமா குரலைத் தாழ்த்திப் பேசினார்.

“அந்தப் படம் என் பெட்டியிலதான் கிடக்கு. கொண்டாரட்டா?”

“வேணாண்ணே. அவருக்குத் தெரிஞ்சிரும்.”

“தெரியக்கூடாதுன்னா பிள்ளைய யாருகிட்ட குடுத்துட்டுப் போகப்போற?”

தம்பி பசியில் வீறிட்டான். அம்மா அவனை எடுத்து அணைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே, “கொண்டாந்துருண்ணே” என்றாள்.

மறுவாரம் மாமா நேராகக் கிளினிக்கிற்கு வந்துவிட்டார். அப்பா நோயாளி அட்டை எடுக்க வரிசையில் நின்றார். மாமா கையிலிருந்த காகிதச் சுருள் என்னவென்று கேட்டேன்.

“உங்கம்மா குமரியா இருக்கச்சே எடுத்த போட்டோ.”

பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெறும் எலும்பு.

“மூஞ்சியே காணோமே மாமா!”

“வெக்கப்பட்டு மறைச்சிக்கிட்டா.”

அம்மா சிரிக்கவில்லை.

அப்பாவும் வந்து சேர, எல்லோரும் உள்ளே போனோம். டாக்டர் இரண்டு படங்களையும் விளக்குக் கண்ணாடியில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். பிறகு டிரஸ்ஸர் முகம் மலர்ந்து திரும்பினார்.

“அதே இடம், அதே அளவும்மா. பழைய தழும்புதான், கூடல. சளியிலயும் கிருமி இல்ல. இருமலுக்கு மருந்து தர்றோம். பிள்ளையத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போங்க.” உடனே பேனாவை எடுத்தார். “அட்டையில எழுதணும். முதல்ல நோய் வந்தது கல்யாணத்துக்கு முன்னயா, பின்னயா?”

அம்மா தலை குனிந்திருந்தாள். “முன்னங்க.”

தம்பி எங்களோடுதான் இருக்கப்போகிறான் என்று நான் கைதட்டிக் குதித்தேன். என்னோடு சேர்ந்து சிரித்தவர் டிரஸ்ஸர் மட்டும்தான்.

வெளியே வந்ததும் அப்பா, “பஸ்ஸுக்கு நேரமாச்சி, மச்சான். நீங்க கிளம்புங்க” என்றார். அவ்வளவு மரியாதையாக அவர் மாமாவிடம் பேசி நான் கேட்டதில்லை. பெண் பார்க்க வந்த அன்று, தங்கைக்கு ஒரு நோயும் வந்ததில்லை என்று சாமி படத்துக்கு முன் சத்தியம் செய்தவர் மாமா என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. இவ்வளவு நல்ல சேதி கேட்டும் பெரியவர்கள் ஏன் வாயடைத்துப் போனார்கள் என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் அப்பா வழக்கம்போல் விடிகாலையில் சைக்கிளில் வேலைக்குப் போனார். அம்மா கட்டி வைத்திருந்த சோற்றை எடுத்துப் போகவில்லை. பள்ளி விட்டு வந்து அதை நான் சாப்பிட்டேன்.