கண்ணாடிக்குள் சட்டம்

எங்கள் பனியன் கம்பெனியில் பர்சனல் ஆபீசர் ஒருவர் இருந்தார். கசங்காத சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. நடக்கும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

டெல்லியில் புதிய தொழிலாளர் சட்டங்கள் கையெழுத்தானதும், அவற்றை ஆங்கிலத்திலேயே நோட்டீஸ் போர்டில் ஒட்டி, கண்ணாடிக் கதவைப் பூட்டினார். பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட் வரப்போகிறதாம்.

"இதுல எங்களுக்கு என்ன சார் போட்டிருக்கு?" என்று கேட்டார் செக்கிங்கில் இருந்த தென்காசிக்கார அக்கா.

"எல்லாப் பாதுகாப்பும் இருக்குதுங்க. கண்ணாடிய மட்டும் தொட்டுறாதீங்க."

ஆடிட் நல்லபடியாக முடிந்தது. மறுவாரமே, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அந்த ஆபீசரிடமே, கடிதம் ஏதும் இல்லாமல், வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். போகும்போது கைக்குட்டையால் அந்தக் கண்ணாடியை ஒருமுறை துடைத்தார். அதன் சாவியையும் கொண்டுபோய்விட்டார். மறதியா, கோபமா, எனக்கு இன்னும் விளங்கவில்லை. சட்டம் மட்டும் பத்திரமாக இருக்கிறது.