ஐந்து நிமிடம் முந்திய கணினி

இரத்மலானையில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் அடுப்பு அடிக்கடி தானாக நின்றது. அடுப்புக்கு ஒரு கணினி, பிஸ்கட்டைக் கொண்டுபோகும் பெல்ட்டுக்கு இன்னொன்று. அடுப்பு நின்று நான்கு நிமிடம் கழித்தே பெல்ட் சிக்கியதாகப் பதிவுகள் காட்டின. அதை நம்பி ஒரு வாரமாக அடுப்பைக் கழற்றிப் பூட்டினார்கள். பிறகுதான் கணினிகளைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

"எல்லாத்தையும் ரீஸ்டார்ட் பண்ணிவிடுங்கோ, மிஸ்" என்றார் மேனேஜர்.

எரிச்சல் வந்தது. காரணம் தெரியாமல் நான் எதையும் நிறுத்துவதில்லை. எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு கணினிகளின் மணியையும் என் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டேன். பெல்ட் கணினி ஐந்து நிமிடம் முந்தியிருந்தது.

"ட்ரெய்னைத் தவறவிடக்கூடாதெண்டு நான்தான் கூட்டி வச்சனான்" என்று தலையைச் சொறிந்தார் பெல்ட் ஆபரேட்டர்.

ஆக, அந்த ஐந்து நிமிடத்தைக் கழித்தால், முதலில் சிக்கியது பெல்ட்தான். அதனால்தான் அடுப்பு நின்றிருக்கிறது. மணியைச் சரிசெய்து, பெல்ட்டைப் பழுதுபார்க்கச் சொன்னேன்.

அன்று மாலை ஆபரேட்டர் ட்ரெய்னைத் தவறவிட்டார். நான் அதே ட்ரெய்னில் கடல் பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தேன்.