மினுக்காத சிவப்பு விளக்கு

ஆறாம் வகுப்பில் என்னை ஹிந்தி வகுப்பில் சேர்த்துவிட்டது அப்பாதான். திருவான்மியூரில் எங்கள் தெருவிலேயே, நான்கு வீடு தள்ளி, ஒரு ஹிந்தி மிஸ் இருந்தார். வாசலில் போர்டுகூட மாட்டியிருந்தார். அப்பா அவரை விட்டுவிட்டு, தன் அலுவலகத்துக்குப் பக்கத்தில், கஸ்தூரிபா நகரில் ஒரு மிஸ்ஸைத் தேடிப் பிடித்தார். அங்கே சொல்லிக்கொடுக்கிற முறையே வேறு என்றார். போய்ப் பார்த்தால் அதே புத்தகம், அதே மனப்பாடம்.

அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அவர் ஸ்கூட்டரை விற்றுவிட்டுச் சைக்கிளுக்கு மாறியிருந்தார். சர்க்கரைக்கு நல்லது என்று டாக்டர் சொன்னாராம். ஒரு டாக்டர் பேச்சை அப்பா கேட்டதில் அம்மாவுக்கு ஏகப்பட்ட பெருமை. கீழ்வீடு, மேல்வீடு எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. எனக்கும் ஒரு சைக்கிள் இருந்தது. பள்ளி விட்டு வந்து, வெளிச்சம் இருக்கும்போதே நான் தனியாக வகுப்புக்குப் போய்விடுவேன். வகுப்பு முடிகிற நேரத்தில் அப்பா அலுவலகத்திலிருந்து வந்து வாசலில் நிற்பார். இருவருமாக இந்திரா நகர் உள்தெருக்கள் வழியாக வீட்டுக்கு வருவோம். போகும்போது தனியாக விடுகிறவர்கள் வரும்போது மட்டும் ஏன் விடுவதில்லை என்பதுதான் அந்த வருஷம் முழுக்க என் மனக்குறை. என்னோடு படித்தவர்கள் எல்லோரும் தனியாகத்தான் வீட்டுக்குப் போனார்கள். எனக்கும் அப்படிப் போக வேண்டும். அதைத் தவிர எனக்கு அப்போது பெரிய ஆசை எதுவும் கிடையாது.

ஐப்பசி பிறந்து சீக்கிரம் இருட்டத் தொடங்கியதும் சைக்கிளுக்கு விளக்கு வாங்கப் போனோம். பஸ் டெப்போ பக்கம் ஒரு சந்தில் சைக்கிள் கடை. கடைக்காரர் ஸ்டூல்மேல் வரிசையாக எடுத்து வைத்தார். டைனமோ விளக்குக்குப் பேட்டரியே வேண்டாம் என்றார். சைக்கிள் நின்றால் அதுவும் அணைந்துவிடும் என்று அப்பா ஒதுக்கிவிட்டார். ரப்பர் பட்டையில் மாட்டுகிற குட்டி விளக்கு மிகவும் மலிவு, ஆனால் மங்கல். நீலமும் சிவப்புமாக மாறி மாறி மினுக்குகிற ஒன்று இருந்தது. பார்த்த மாத்திரத்தில் நான் அதற்கு அடிமையானேன். எங்கள் வகுப்பில் ஒரு பையன் அதைத்தான் மாட்டியிருந்தான். தெருமுனையில் அவன் திரும்புவதே ஏதோ மந்திரி திரும்புவது மாதிரி இருக்கும்.

அப்பா முன்பக்க விளக்குகளைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பின்பக்கத்துக்கானவற்றை மட்டும் ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்து, முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு சந்துக் கடைசிவரை நடக்கச் சொன்னார். திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். ஐந்து விளக்கு, ஐந்து நடை. சந்தில் இருந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

“இன்னா சார், எல்லாரும் முன்னாடி லைட்ட கேப்பாங்க. நீங்க இன்னாடான்னா பின்னாடி லைட்டையே பாத்துகினு கீறீங்க” என்றார் கடைக்காரர்.

“முன்னாடிதான் தெருவிளக்கு இருக்கே. பின்னாடி வர்றவனுக்குத் தெரியணும்ல” என்றார் அப்பா.

கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது தீப்பெட்டி அளவில் ஒரு சிவப்பு விளக்கு. இரண்டு பென்சில் பேட்டரி. மினுக்காது, அடக்கமாக எரிந்துகொண்டே இருக்கும். மினுக்குகிற விளக்கில் பேட்டரி ரொம்ப நாள் வரும் என்று கடைக்காரர் எனக்காக ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். விட்டுவிட்டு எரிந்தால் பார்க்கிறவனுக்கு எங்கே இருக்கிறது என்று பிடிபடாது என்றார் அப்பா. முன்பக்கத்துக்கு இருப்பதிலேயே மலிவானதாகப் பேருக்கு ஒன்று வாங்கினார். நான் வீடு வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தேன்.

விளக்கோடு சட்டங்களும் வந்தன. நான்தான் முன்னால் போக வேண்டும். மெதுவாகப் போக வேண்டும். வழியில் எது இருந்தாலும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். வாயால் சொன்னால் கவனம் சிதறாதாம். அதனால் தினமும் இந்திரா நகரில் நான், “மேடு! பள்ளம்! மாடு!” என்று கத்திக்கொண்டு போவேன், பின்னால் அப்பா “சரி, சரி” என்று வருவார். இதை ஒருநாள் அந்த மினுக்கு விளக்குப் பையன் கேட்டுவிட்டான். மறுநாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் மொத்த வகுப்பும் “மாடு” என்றது. மிஸ் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டது எனக்குத் தெரிந்தது. அவமானம் என்றால் அப்படி ஓர் அவமானம். அப்பாமேல் எனக்கு வெறுப்பே வந்தது.

அன்றைக்கு மழை பெய்து விட்டிருந்தது. ஒரு தெருவில் விளக்கு எதுவும் எரியவில்லை. அங்கேதான் மழைநீர் வடிகாலுக்கு ஓரமாகத் தோண்டிப்போட்டிருந்தார்கள். அந்தப் பள்ளம் எனக்கு நன்றாகவே தெரியும். ஒரு வாரமாக அதைக் கத்திச் சொல்லிக்கொண்டுதானே இருந்தேன். அன்று சொல்லவில்லை. வேகமாக மிதித்துப் பள்ளத்தைத் தாண்டிப் போய், நின்றிருந்த ஓர் ஆட்டோவுக்குப் பின்னால் ஒதுங்கி, இரண்டு விளக்குகளையும் அணைத்தேன். கொஞ்சம் தேடட்டும் என்று இருந்தது.

அப்பா சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றினார். “எங்கம்மா இருக்க?” என்றார். குரலில் கோபமில்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் இறங்கினார். ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை முன்னால் நீட்டியபடி மெதுவாக நடந்துவந்தார். அப்பாவும் கண்ணாமூச்சி ஆட வந்துவிட்டார் என்று எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே சைக்கிளின் முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. பின்னாலேயே அவரும் போனார்.

எதிர்வீட்டு வாட்ச்மேன் ஓடிவந்து கைகொடுத்துத் தூக்கினார். “இன்னா சார், இம்மாம் பெரிய பள்ளம் கீது, பாக்கலியா?”

“கவனிக்கலப்பா” என்றார் அப்பா. பேன்ட் முழங்காலில் கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். இருவரும் சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தோம்.

“செயின் கழண்டு பள்ளத்துல விட்டுட்டேன்” என்று அம்மாவிடம் சொன்னார்.

“டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னாரா, பள்ளத்துல குதிக்கச் சொன்னாராங்க?” என்று அம்மா டெட்டால் எடுக்கப் போனாள்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். இதோ சொல்லப்போகிறார், இதோ என்று பயந்தது வீண். அவர் சொல்லவே இல்லை. எனக்காக அம்மாவிடம் பொய் சொல்கிறார் என்று நினைத்தபோது அவர்மேல் பிரியம் பொங்கியது. என் குற்றத்தை மறைக்கத்தான் அந்தப் பொய் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கும்போது, பகலிலேயே வாசற்படி தடுக்க ஆரம்பித்த பிறகு, அப்பாவை வற்புறுத்திக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனோம். இருட்டில் எப்போதிலிருந்து தெரியவில்லை என்று டாக்டர் கேட்டார். அப்பா என் பக்கம் திரும்பாமல், “இவ ஆறாவது படிக்கும்போதே சார்” என்றார். அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வேலைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று யாரிடமும் மூச்சு விடாமல் இருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக அவர்மேல் கோபம் வந்தது.

பள்ளத்தில் விழுந்த மறுநாளும் நான் வகுப்புக்குப் போனேன். இனிமேல் அப்பா வரமாட்டார், ஒருவழியாகத் தனியாகப் போகலாம் என்று பாதி நம்பிக்கையோடு வெளியே வந்தேன். முழங்காலில் கட்டோடு வாசலில் நின்றிருந்தார். மினுக்கு விளக்குப் பையன் உட்பட எல்லோரும் கிளம்பிப் போகும்வரை காத்திருந்தார். பிறகு என் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, “என்னைக் கூட்டிட்டுப் போறியாம்மா?” என்றார்.

நேற்றுச் செய்ததை மன்னித்துவிட்டு என்னோடு விளையாடுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். “வேணும்னா வாங்க” என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.