எக்சில்டா போட்ட நிபந்தனை

காசாமா சந்தையின் பின்வரிசையில், சோளமாவு மில்லுக்கு எதிரே, எக்சில்டா கபாசோவின் தையல் மெஷின் இருந்தது. பள்ளிச் சீருடைதான் பிழைப்பு. ஜனவரியில் பள்ளி திறக்கும்போது மூச்சுவிட நேரம் இருக்காது. மற்ற மாதங்களில் பெண்களுக்குப் பூ அச்சிட்ட சித்தெங்கே துணியில் பாவாடை சட்டை தைப்பாள். வயது முப்பத்தெட்டு. அவள் புருஷன் லாரி ஓட்டியவன், நான்கு வருடத்துக்கு முன் செரெஞ்சே பக்கம் லாரி கவிழ்ந்து செத்துப்போனான். மகள் மப்பாலோவுக்கு ஒன்பது வயது. ஊரில் அவளை மப்பாலோ அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

புருஷன் செத்தபோது அவன் வீட்டார் பழைய வழக்கத்தை எடுத்தார்கள். செத்தவனின் ஆவி விதவையின் மேலிருந்து இறங்க வேண்டுமானால் அவனுடைய தம்பி அவளோடு ஒருமுறை படுக்க வேண்டும். எக்சில்டா மறுத்தாள். மணிக்கட்டில் வெள்ளைப் பாசி கட்டினால் போதும் என்று பல குடும்பங்கள் மாறிவிட்டிருந்தன, எனக்கும் அதையே செய்யுங்கள் என்றாள். கொழுந்தன் எந்தெந்த வீட்டுக்குப் போய் வருகிறான் என்று எனக்குத் தெரியாது, எய்ட்ஸ் வந்தால் என் பிள்ளையை யார் பார்ப்பது என்று கூட்டத்தில் வாய்விட்டுக் கேட்டாள். மூன்று நாள் சண்டைக்குப் பிறகு பாசி கட்டினார்கள். புருஷன் வீட்டில் அதோடு பேச்சு நின்றுபோனது. அவளுக்கு அதில் வருத்தம் இல்லை, தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டோம் என்ற பெருமைதான் இருந்தது.

எவரிஸ்டோ சாம்பா வந்தது, தீப்பொறி பட்டு ஓட்டையான வேலையுடுப்புக்கு ஒட்டுப் போட. ஜன்னல் கம்பியும் இரும்புக் கதவும் செய்கிற வெல்டர். நாற்பத்தைந்து வயது. பெண்டாட்டி விட்டுப்போய்ப் பத்து வருடம் ஆகிறது. அதன்பிறகு கிட்வே பக்கம் சுரங்க ஊர்களில் வேலை பார்த்தபோது எங்கே சம்பளமோ அங்கே ஒருத்தி என்று இருந்தவன். இதை அவனே சொன்னான். ஒரே உடுப்புக்கு நான்கு முறை ஒட்டுப் போட வந்தபிறகு, ஒரு பெரியவரைத் தூது அனுப்பினான். அவர் வழக்கப்படி இரண்டு தட்டுக்கு நடுவே பரிசை மூடிக் கொண்டுவந்து வைத்தார். பெண் தட்டைத் திறந்தால் சம்மதம் என்று பொருள்.

எக்சில்டா தட்டைத் திறக்கவில்லை. எவரிஸ்டோவையே வரச்சொன்னாள். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒன்றாகப் போய் ரத்தம் பார்க்க வேண்டும், அதுவரை தொடக்கூடாது என்றாள்.

எவரிஸ்டோவுக்குச் சுருக்கென்றது. "ஏங்க, என்னைப் பாத்தா நோயாளி மாதிரியா இருக்கு?"

"பாத்தாலே தெரிஞ்சிடும்னா ஆஸ்பத்திரில எதுக்கு ஊசி குத்துறாங்க?"

அவன் எழுந்து போய்விட்டான். பக்கத்துக் கடை ஜஸ்டினா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜஸ்டினா காய்ந்த மீன் விற்பவள், கல்யாணப் பெண்களுக்குப் படுக்கையறைப் பாடம் சொல்லித்தருவதில் அந்தப் பேட்டையிலேயே பேர்போனவள். "கெடைச்ச ஒரு ஆம்பளையையும் ஆஸ்பத்திரிக்குத் துரத்திட்டியே. இனி உன்னைக் கட்டிக்க டாக்டர்தான் வரணும்," என்றாள்.

ஒரு வாரம் கழித்து எவரிஸ்டோ ஒரு சீட்டோடு வந்தான். தனியாகப் போய்ப் பார்த்துவிட்டிருந்தான். கிருமி இல்லை என்று எழுதியிருந்தது. அவன் முகத்தில் ஜெயித்த களை. எக்சில்டா சீட்டைப் படித்துத் திருப்பிக் கொடுத்தாள். ஒன்றாகப் போக வேண்டும் என்றுதானே சொன்னேன் என்றாள். தன் ரத்தத்தைப் பற்றி அவளுக்குச் சந்தேகமே கிடையாது. மப்பாலோ வயிற்றில் இருந்தபோது பார்த்தார்கள், சுத்தமாக இருந்தது. வாழ்க்கையில் ஒரே ஆண், அவனும் புருஷன். எவரிஸ்டோவுக்குத் தன் கண்முன்னால் இன்னொரு சீட்டு வாங்கிப் பத்திரப்படுத்தத்தான் அவள் கிளம்பினாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கசுபா இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து விரலில் குத்தினாள். முடிவு எதுவானாலும் இரண்டு பேர் முன்னாலும் சொல்லலாமா என்று முதலிலேயே கேட்டாள். இருவரும் சரி என்றார்கள். சோதனைப் பட்டையில் ஒரு கோடு விழுந்தால் கிருமி இல்லை, இரண்டு விழுந்தால் இருக்கிறது என்றாள். அவனுடைய பட்டையில் ஒரு கோடு விழுந்தது. அவளுடையதில் இரண்டு. நர்ஸ் வேறு வகைப் பட்டையில் மறுபடி பார்த்தாள். மறுபடியும் இரண்டு.

எக்சில்டா முதலில், பட்டை மாறிப்போச்சு என்றாள். மாறவில்லை என்று நர்ஸ் காட்டினாள்.

"நான் என் புருஷனைத் தவிர ஒருத்தரையும் தொட்டதில்ல, சிஸ்டர்."

"நம்புறேன்மா. உங்களுக்கு அவர் ஒருத்தர்தான். அவருக்கு நீங்க ஒருத்திதானா? அது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. எல்லையில் நக்கொண்டேயில் அவனுக்கு ஒருத்தி இருந்தாள். லாரிக்காரன் என்றால் அப்படித்தான், வீட்டுக்குச் சம்பளம் வந்தால் சரி என்று அவள் கேட்காமல் விட்டிருந்தாள். ஆறு வருடத்துக்கு முன் அவன் காய்ச்சலும் உடம்பெல்லாம் தடிப்புமாக இரண்டு வாரம் கிடந்தான். மலேரியா என்று கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். தேறியதும் பழையபடி ஒரே பாயில் படுத்தார்கள். ஆணுறை வேண்டும் என்று புருஷனிடம் கேட்க அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கொழுந்தனிடம் பயந்தவள் புருஷனிடம் பயப்படவில்லை.

நர்ஸ் மேற்கொண்டு சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. அன்றைக்கே மாத்திரை தொடங்கலாம், நாளுக்கு ஒன்று. ஆறு மாதத்தில் ரத்தத்தில் கிருமியின் அளவு கணக்குக்கே வராதபடி குறைந்துவிடும், அப்படிக் குறைந்து அப்படியே நின்றால் உறவின் வழியாக இன்னொருவருக்குப் போகாது. அதுவரை ஆணுறை கட்டாயம்.

வெளியே வந்ததும் எக்சில்டா எவரிஸ்டோவிடம், நிபந்தனை போட்டது நான், அதில் தேறாததும் நான்தான், நீங்கள் போகலாம் என்றாள். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

மறுநாள் மப்பாலோவை அழைத்துப்போய்ப் பார்த்தாள். முடிவுக்குக் காத்திருந்த கால் மணி நேரத்தை அவள் பிறகு யாரிடமும் விவரித்ததில்லை. பிள்ளைக்கு இல்லை. பால் மறந்தபிறகுதான் தாய்க்கு வந்திருக்க வேண்டும் என்றாள் நர்ஸ். எக்சில்டா நேராகக் கடைக்குப் போய் அன்று ஆறு சட்டை தைத்தாள். அதில் இரண்டுக்குக் கை தலைகீழாகப் போயிருந்தது, பிரித்து மறுபடி தைத்தாள்.

பதினோராம் நாள் எவரிஸ்டோ வந்தான். ஒட்டுப் போடத் துணி எதுவும் கொண்டுவரவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"கோவமா இருந்தேன். உங்க மேலன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தா, உங்களுக்கு ஒரே ஆளு. நான் எத்தனை ஊர், எத்தனை பேருன்னே எனக்கு நெனவில்ல. பாதி நேரம் ஆணுறையும் இல்ல. எனக்கு வரலன்னா அது என் சமத்து இல்லைங்க, தப்பிச்சேன், அவ்வளவுதான்."

"அதுக்காகக் கட்டிக்க வேணாம்."

"அதுக்காக இல்ல. நர்ஸைப் போய்ப் பாத்துட்டு வந்தேன். எனக்கும் ஒரு மாத்திரை இருக்காம், வராம தடுக்குறதுக்கு. உங்க அளவு எறங்குற வரைக்கும் நான் அதைப் போட்டுக்கலாம்னாங்க. தட்டைத் தொறப்பீங்களா மாட்டீங்களா, அதைச் சொல்லுங்க."

அவள் ஒரு மாதம் யோசித்தாள். அந்த மாதம் முழுக்க அவன் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனான். பிறகு தட்டைத் திறந்தாள். அவள் மாத்திரை தொடங்கிய ஐந்தாம் மாதம் கல்யாணம் நடந்தது. முதல் நாள் ஆணுறையை எடுத்தபோது, எட்டு மில்லி இரும்பை வளைக்கிற கைக்கு அந்தச் சின்ன உறை பிடிபடவில்லை. ஒன்றைக் கிழித்தான், இன்னொன்றைத் திருப்பிப் போடப் பார்த்தான். எக்சில்டா சிரித்துவிட்டாள். ரத்தம் பார்த்த நாளுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். முனையைக் கிள்ளிக் காற்றை எடுத்துவிட்டு உருட்டிவிட வேண்டும் என்று நர்ஸ் சொன்னதை அவளே செய்துகாட்டினாள்.

தனக்குக் கிருமி இருப்பதை அவள் சொன்னது ஜஸ்டினா ஒருத்தியிடம்தான். ஜஸ்டினாவின் புருஷன் சொல்வேசி சுரங்கத்தில் வேலை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவான். முழுக்கக் கேட்டுவிட்டு, "எனக்கு என்ன, எனக்கு என் புருஷன் ஒருத்தர்தானே," என்றாள் ஜஸ்டினா. சொன்ன பிறகு அவளே கொஞ்ச நேரம் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரம் கழித்து ஒரு காலை ஜஸ்டினா கடையைத் திறக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். என்ன வந்தது என்று அவள் சொல்லவில்லை, எக்சில்டாவும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கல்யாணப் பெண்களுக்கு அவள் நடத்துகிற பாடத்தில் ஒரு சோளக்கதிரும் ஓர் ஆணுறைப் பொட்டலமும் சேர்ந்துகொண்டன. அத்தைமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்ததும், இன்னொரு தரம் மெதுவாகக் காட்டு என்று கேட்டார்கள்.

ஆறாம் மாதம் எக்சில்டாவின் ரத்தத்தில் கிருமி கணக்குக்கு வராத அளவுக்குக் கீழே போயிருந்தது. அடுத்த சோதனையிலும் அப்படியே. எவரிஸ்டோ தன் தடுப்பு மாத்திரையை நிறுத்தலாம் என்றாள் நர்ஸ். அவனுக்கு நிறுத்த மனமில்லை, இன்னும் ஒரு மாதம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான். எக்சில்டா மாத்திரையை ஒருநாளும் தவறவிடுவதில்லை. மாலை வானொலிச் செய்தி தொடங்கும்போது தண்ணீரோடு விழுங்குவாள். போன ஜனவரியில் இருநூறு சீருடை தைத்தாள். வேலை தலைக்கு மேல் போனதால், பொத்தான் தைக்க எவரிஸ்டோவையும் உட்காரவைத்தாள்.