சபூரா வீட்டுக் காகிதப்பூ

இன்று காலையிலேயே பக்கத்து வீட்டு சபூரா சண்டைக்கு வந்துவிட்டாள்.

வெயில் காலத்தில் எங்கள் மட்டாஞ்சேரியில் குழாய்த் தண்ணீரை நம்பிச் செடி வைக்க முடியுமா? அதனால் என் வாசலில் கற்றாழையும் காகிதப்பூவும்தான். தண்ணீர் ஊற்றுவதே இல்லை. காகிதப்பூ மதில் மறையப் பூத்துக் கிடக்கிறது.

அதில் ஒடித்துக் கொடுத்த கொம்புதான் சபூரா வீட்டிலும் நிற்கிறது. ஆளுயரம் வளர்ந்தும் ஒரு பூ இல்லை.

"சேச்சி, பூக்காத கொம்பாப் பாத்து எனக்கு ஒடிச்சுத் தந்துட்டே, இல்லையா?" என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"அடியே, அதுக்கு என்ன குடுக்கறே?"

"தினம் ரெண்டு நேரம் தண்ணி. மீன் கழுவின தண்ணி வேற."

"அதான் காரியம். வயிறு நிறைஞ்சா அது இலை மட்டும்தான் விடும். மண்ணு காஞ்சு கொஞ்சம் வாடட்டும், தன்னால பூக்கும். உன் வீட்டுக்காரரையே பாரு. நேரத்துக்கு நேரம் சாயாவும் பலகாரமும் குடுத்து வளக்கறே. ஏதாவது வேலை நடக்குதா?"

சபூரா சிரித்துவிட்டாள். அவள் வீட்டுக்குள்ளிருந்து வீட்டுக்காரர் சத்தம் போட்டார்: "சேச்சி, செடி காரியம் மட்டும் சொன்னாப் போதும்!"

இன்று செடிக்குத் தண்ணீர் இல்லை. அவருக்கு நாலு மணிச் சாயாவும் இல்லையாம்.

எது முதலில் பூக்கும்? நீங்களே சொல்லுங்கள்.