பேரில்லாத ப்ரோக்ராம்

மல்லிகா அக்கா மூன்றாவது தடவையாக வந்து நின்ற அன்றுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

பழவேற்காட்டில், காப்பீட்டு அட்டைக்குக் கைரேகை பதியும் ஒரு சின்ன மையத்தில் அப்போது நான் ஆபரேட்டர். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், நான் ஒருத்தி. தினமும் பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வந்து போவேன்.

மல்லிகா அக்கா ஏரியில் குனிந்து, சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிப்பவர். அந்த வேலை செய்பவர்களுக்கு விரல் நுனி தேய்ந்திருக்கும். ஸ்கேனர் லேசில் ரேகையை எடுக்காது. "ரெண்டு நாள் தண்ணில எறங்காம, எண்ணெ தேச்சிட்டு வாங்கக்கா" என்று சொல்லி அனுப்பினேன். அப்படியே வந்தார். பதினோராவது முறை வைத்தபோது பச்சை விளக்கு எரிந்தது. ரசீது கொடுத்தேன். அவர் வீட்டுக்காரருக்குக் குடலிறக்கம். அட்டை இருந்தால்தான் ஆபரேஷனுக்கு நாள் கிடைக்கும்.

அட்டை வரவில்லை. ரசீது எண்ணைப் போட்டுப் பார்த்தால் 'பதிவு இல்லை' என்றது. மறுபடி பதிந்தோம். மறுபடியும் அதே பதில்.

"இன்னா மேடம், பச்ச லைட்டு எரிஞ்சத நானே பாத்தேனே? அப்பால எப்டி இல்லன்னுது? அந்தாளு வலில சுருண்டுகினு கெடக்கறாரு. என் வெரல்லதான் கோளாறா?"

"ரேகை சரியா விழல போலருக்குக்கா, ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன்.

அவருக்கு மட்டும் என்றால் விரல் என்று நம்பியிருப்பேன். கூட்டம் இல்லாத நாளில் பதிந்தவர்களுக்கு அட்டை வந்தது. கூட்டமான நாளில் பதிந்த ஒருவருக்கும் வரவில்லை. கூட்டத்துக்கும் ரேகைக்கும் என்ன சம்பந்தம்? சூப்பர்வைசருக்கு போன் செய்தால், "நெட் ஸ்லோவா இருக்கும்மா, ரீஸ்டார்ட் பண்ணிப் பாரு" என்பார்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. ஐந்தரைக்கு எனக்கு பஸ். சில நாள் ஐந்தேகாலுக்கு ஷட்டவுன் கொடுத்தால், ஏதோ ஒரு ப்ரோக்ராம் மூடவிடாமல் தடுக்கிறது என்று திரையில் வரும். பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். "வைரஸா இருக்கும், ஃபோர்ஸ் ஷட்டவுன் குடுத்துடு" என்றார் சூப்பர்வைசர். கொடுப்பேன். அப்படியும் அடங்காவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு ஓடுவேன். இரண்டு தொல்லைகளையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

அடுத்த வாரம் மல்லிகா அக்காவுக்கு மூன்றாவது முறை பதிந்த அன்று நல்ல மழை. சாலையில் தண்ணீர் நிற்பதால் அடுத்த பஸ் ஏழு மணிக்குத்தான் என்றார்கள். போக இடமில்லாமல் 'கேன்சல்' அழுத்திவிட்டு உட்கார்ந்தேன். எந்தெந்த ப்ரோக்ராம் ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், அந்தப் பேரில்லாதது எதையோ வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. வைரஸ்தான், தகவலைத் திருடுகிறது என்று நெட் கேபிளைப் பிடுங்கக் கை வைத்தேன். பிடுங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே இருந்தேன். நாற்பது நிமிடத்தில் அது தானாக நின்றது. மறுபடி ஷட்டவுன் கொடுத்தேன். கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் அணைந்தது.

மறுநாள் மல்லிகா அக்காவின் எண்ணைப் போட்டேன். 'பதிவு பெறப்பட்டது.' முந்தின நாள் வந்த எல்லோருக்கும் அதே பதில்.

தலைமை அலுவலக டெக்னீஷியனைப் பிடித்தேன். "அதான் மேடம் அப்லோட் ப்ரோக்ராம். நாள் முழுக்கப் பதிஞ்சத மூட்ட கட்டி சர்வருக்கு அனுப்பும். கூட்டம் ஜாஸ்தின்னா நேரமும் ஜாஸ்தியாவும். பாதில கொன்னா மூட்டையே கெட்டுடும்."

"அதுக்கு ஒரு பேரு வெச்சிருக்கக் கூடாதா சார்?"

"வெக்கல மேடம்."

ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன். அறுபத்து மூன்று பேர் மறுபடி வர வேண்டும். "நெட்வொர்க் ப்ராப்ளம்னு சொல்லிடு, யாருக்குத் தெரியப்போவுது" என்றார் சூப்பர்வைசர்.

முதலில் மல்லிகா அக்கா வீட்டுக்குப் போனேன். "ஒங்க பதிவு ஏறிடுச்சுக்கா. ஒங்க வெரல்ல கோளாறே இல்ல. பஸ்ஸுக்கு ஓடற அவசரத்துல நான்தான் பாதில அணைச்சு அழிச்சிருக்கேன்."

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப என் வெரலு நல்லாத்தான் இருக்குதா? எட்டு நாளா ஏரிக்கே போவல மேடம். இன்னும் தேஞ்சிருமோன்னு பயந்துகினு..."

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. திட்டவில்லை. அவரே வீடு வீடாக என்னைக் கூட்டிப்போனார். ஒவ்வொரு வாசலிலும் அதையே சொன்னேன். சிலர் கத்தினார்கள். ஒருவர் கதவைச் சாத்தினார். இரண்டு வாரத்தில் எல்லோருக்கும் மறுபடி பதிந்தேன். அந்த மாதமே அவர் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் முடிந்தது.

இப்போது புதிய ஆபரேட்டர்களுக்குப் பயிற்சி தருவது என் வேலை. அவர்களிடம் சொல்வேன்: ஒரு ப்ரோக்ராம் மூட மறுத்தால், முதலில் கேன்சல் அழுத்தி, அது என்ன செய்கிறது என்று விசாரியுங்கள். அதைவிட முக்கியம், எதிரில் நிற்பவர் காரணம் கேட்கும்போது உங்களுக்குத் தெரியாவிட்டால், 'தெரியாது' என்று சொல்லுங்கள். அன்று நான் அதைச் சொல்லியிருந்தால், ஒரு பெண் எட்டு நாள் தன் கைக்குப் பயந்து வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார்.