பத்தாம் நம்பர் ஸ்பானரும் சிவதாணுவின் மீசையும்

ஆரியசாலையில் கயிறும் சாக்கும் மொத்தமாக விற்கிற சிவதாணுவின் சரித்திரத்தை மீசையிலிருந்துதான் தொடங்க வேண்டும். கடை அப்பா வைத்தது. கடைக்கு மேலே இருக்கிற வீடும் அப்பா கட்டியது. மீசை மட்டும் முழுக்க முழுக்க அவருடைய சொந்தச் சம்பாத்தியம்.

அடுத்த சம்பாத்தியம் வண்டி. பொன்முடியில் தேயிலைத் தோட்டத்தைக் கைமாற்றிவிட்டுப் போன ஒரு முதலாளியிடம் 1999இல் வாங்கிய ஜப்பான் ஜீப் அது. ஜீப் என்று சொன்னால் சிவதாணுவுக்குக் கோபம் வரும். கூரையில் திறக்கிற கண்ணாடி, பொத்தானை அழுத்தினால் ஏறி இறங்குகிற ஜன்னல், பக்கவாட்டில் தானாகத் திரும்புகிற கண்ணாடி, காற்றடைத்த பைகளின் மேல் மிதக்கிற உடம்பு, குளிர்நாட்டாரின் பின்பக்கத்தை உத்தேசித்து இருக்கையைச் சூடாக்குகிற ஏற்பாடு என்று அதில் இல்லாத சொகுசு இல்லை. வாங்கியபோது இவற்றில் ஒழுங்காக வேலை செய்தது கடைசியாகச் சொன்னது மட்டுமே. அது நிற்கவும் மறுத்தது. சித்திரை வெயிலில் நாகர்கோவில்வரை அதில் போய்வந்த அவர் மனைவி பகவதியம்மாள் இரண்டு நாள் குப்புறப் படுத்திருந்தாள்.

ஆரம்பத்தில் சிவதாணுவும் எல்லாரையும்போல மெக்கானிக்கைத்தான் தேடிப் போனார். கிள்ளிப்பாலத்தில் பட்டறை வைத்திருக்கும் ராஜையன் கெட்டிக்காரர். சபைக்குப் போகிற ஞாயிறு தவிர வேறு நாளில் பட்டறையைப் பூட்டாதவர். பதினொரு நாள் வண்டியை வைத்துப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"அண்ணாச்சி, நான் உள்ளதைச் சொல்லுகேன். இத வீட்டு முன்னால நிறுத்தி, மேல ஒரு சுரைக்காய் கொடி படர விடுங்கோ. நல்லா காய்க்கும்."

பட்டறையில் இருந்த ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். சிவதாணு மீசையின் இரண்டு முனைகளையும் மேலே ஏற்றினார்.

"ஓய் ராஜையா, கேட்டுக்கோ. இனிமே எனக்க வண்டிமேல வேற ஒருத்தனுக்க ஸ்பானர் பட்டுதுன்னா, இந்த மீசைய எடுத்திருவேன். எல்லாரும் சாட்சி."

அன்று முதல் நான்கு வருஷம் அவரே வைத்தியர். ஜன்னல் மோட்டார் செத்தபோது கடையிலிருந்து நல்ல கயிறாக எடுத்துக் கட்டினார். இழுத்தால் ஏறும், விட்டால் இறங்கும், எப்போதாவது விடாமலேயே இறங்கும். கூரைக் கண்ணாடி ஒழுகியபோது தாரும் தார்ப்பாயும் போட்டு மூடினார். காற்றுப் பைகள் தளர்ந்ததும் லாரியின் வில்பட்டைகளை வைத்தார். வண்டி ஒன்றரை அடி உயர்ந்தது. பகவதியம்மாள் ஏறி உட்கார ஒரு முக்காலி நிரந்தரமாக வண்டியோடு பயணம் செய்தது. சூடான இருக்கைக்கு மருந்தாக நான்கு மடிப்புச் சாக்கு.

பழுது பார்ப்பதோடு நிற்கிற ஆசாமி அல்ல அவர். வண்டியின் ஹாரன் யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல ஒலிப்பதாக அவருக்குப் பட்டது. அதைக் கழற்றிவிட்டு லாரி ஹாரன் பொருத்தினார். ஃப்யூஸ் வைப்பது தன் கைவேலையைத் தானே சந்தேகிப்பதாகும் என்று கருதி, பேட்டரியிலிருந்தே நேராக ஒயர் இழுத்தார். சரக்குக் கிட்டங்கி எலிகள் கடிக்காமலிருக்க அந்த ஒயரை இரும்புக் குழாய்க்குள் செலுத்தினார். பேட்டரியை எவனும் கழற்றிக்கொண்டு போகாதபடி ரெட்டை நட்டு போட்டு, மூச்சைப் பிடித்து இறுக்கினார். இந்த மூன்று முன்யோசனைகளும் சேர்ந்து அவரைக் கவிழ்க்கக் காத்திருந்தன.

2003 நவராத்திரியில் அது நடந்தது. அஷ்டமியன்று சாயங்காலம் பகவதியம்மாள் பூஜை வைத்தாள். சிவதாணு தன் ஸ்பானர்கள் அறுபத்திரண்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, அளவுப்படி அடுக்கி, சந்தனப் பொட்டு வைத்தார். ஜாக்கி, குறடு, திருப்புளி எல்லாம் தேவியின் முன் அமர்ந்தன. பகவதியம்மாள் தன் பங்குக்கு அரிவாள்மணையையும் காய்கறிக் கத்தியையும் வைத்தாள். தசமிக் காலையில் பூஜை எடுக்கும்வரை ஒன்றையும் தொடக் கூடாது. வண்டிக்கும் மாலை போட்டு, ஸ்டீரிங்கின் நடுவிலும் ஒரு பொட்டு வைத்து, பக்தி மிகுதியில் ஒரு குப்பிப் பன்னீரை அதன் மேலேயே கவிழ்த்தார்.

பன்னீர் இரவெல்லாம் மெதுவாக உள்ளே இறங்கியது. மறுநாள் நவமி காலை ஒன்பது மணிக்கு ஹாரன் தானாக முழங்கத் தொடங்கியது.

சிவதாணு பனியனோடு இறங்கி ஓடி வந்தார். ஸ்டீரிங்கைக் குத்தினார். பானெட்டைத் திறந்து ரெட்டை நட்டை விரலால் திருகினார். விரல்தான் திரும்பியது. மாடிக்கு ஓடினார். பூஜை அறை வாசலில் பகவதியம்மாள் குறுக்கே நின்றாள்.

"ஒரே ஒரு ஸ்பானர், பகவதி. பத்தாம் நம்பர். தேவிக்குத் தெரியவே தெரியாது."

"தெரியாதா? கண்ணுக்கு முன்னால அறுபத்திரண்டு அடுக்கி வச்சிட்டு, எடுத்தா எண்ணிப் பாக்க மாட்டாளா? ஒரு ஆணிகூட எடுக்க விடமாட்டேன், கேட்டியளா!"

பக்கத்து இரும்புக் கடையில் ஆயிரம் ஸ்பானர் இருந்தன. ஷட்டருக்குப் பின்னால் அவையும் பொட்டு வைத்துக்கொண்டு பூஜையில் இருந்தன. எதிரே தராசு பூஜையில். மூலையில் தையல்காரரின் கத்தரிக்கோல் பூஜையில். ஆரியசாலை முழுக்கத் தேடியும் கூர்மையாகவோ கெட்டியாகவோ ஒரு சாமான் மனிதன் கைக்குக் கிடைக்கவில்லை.

கோவில் காரியம் பார்க்கிற தாணுமாலையன் காதைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"வே சிவதாணு! நவராத்திரிக்கு வேளிமலையிலிருந்து முருகன் நம்ம தெருவுக்கு வந்து இறங்கியிருக்கு. நாதஸ்வரக்காரன் கன்னம் வீங்க ஊதுகான், ஒரு சத்தமும் கேக்கல்ல. நீரு நிறுத்துகேரா, இல்ல சாமிய வேற தெருவுக்குக் கொண்டு போகட்டா?"

அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டர் ஒன்று வந்து நின்றது. ராஜையன். கிள்ளிப்பாலம்வரை கேட்டதாம். தேய்த்த சட்டை, வாரிய தலை, கையில் பத்தாம் நம்பர். அந்த வட்டாரத்தில் பூஜைக்குப் போகாத ஒரே ஸ்பானர் அதுதான்.

கூட்டத்தின் கண்கள் ஸ்பானரைப் பார்த்தன, பிறகு மீசையைப் பார்த்தன.

"அண்ணாச்சி, நான் வண்டியத் தொடல்ல," என்று ராஜையன் கத்தினார். "ஒங்க கையில தாறேன். நீங்களே திருகுங்கோ."

"ஸ்பானர் யாருக்க?"

"எனக்கதான்."

சிவதாணு மீசையை ஒருமுறை தடவிக்கொண்டார். பேசாமல் வாங்கித் திருகியிருந்தால் தெருவே மன்னித்திருக்கும். ஆனால் முழம் போட்டுக் கயிறு விற்கிறபோது அரை விரல்கூடக் குறைக்காத மனுஷன் அவர்.

"அப்போ கணக்கு கணக்குதான். மீசை போச்சு. நீயே திருகு."

பதினொரு வினாடியில் சத்தம் நின்றது. நாதஸ்வரம் கேட்டது. தாணுமாலையன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சிவதாணு நிமிர்ந்து நடந்து சுடலைக்கண்ணுவின் சலூன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"எடு."

சுடலைக்கண்ணு கையை விரித்தார். "கத்தி பூஜையில இருக்கு அண்ணாச்சி. நாளைக்குக் காலத்த வாருங்கோ."

கூட்டம் ஏமாந்தது. ராஜையன் மட்டும் தொண்டையைக் கனைத்தார். "எனக்க வீட்டு ரேசர் பூஜைக்கு வைக்கல்ல. வேணும்னா..."

"உனக்க ரேசர் எனக்க முகத்துல படவா? வண்டியக் கெடுத்தது போதும். எனக்க மீசைக்கு நானே மெக்கானிக்."

விஜயதசமி காலையில் பூஜை எடுத்ததும் பிள்ளைகள் அரிசியில் எழுத்து எழுதினார்கள். சிவதாணு தன் பத்தாம் நம்பரை எடுத்து ஹாரனைக் கழற்றி, பேட்டரியைச் சேர்த்தார். சபதம் வண்டியைப் பற்றியது என்பதால் தண்டனையும் வண்டியின் முன்னால்தான் நிறைவேற வேண்டும் என்று தீர்மானித்து, பக்கவாட்டுக் கண்ணாடி எதிரே, பூஜையிலிருந்து எடுத்த தன் ரேசரும் சோப்பு நுரையுமாக நின்றார். அந்தக் கண்ணாடியை அவரே சீராக்கியிருந்தார். பொத்தானை யாராவது அழுத்திக்கொண்டிருந்தால் மட்டுமே ஓரிடத்தில் நிற்கும். பகவதியம்மாள் முக்காலி போட்டு ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து அழுத்தினாள்.

இடது பாதி சுத்தமாகப் போனது. வலது பாதியில் ரேசரை வைத்தபோது பகவதியம்மாள் அலறிக்கொண்டு எழுந்தாள்.

"ஐயோ, சூடாகுதே! சாக்க எங்க கொண்டு வச்சியளோ?"

சாக்கை அவர்தான் துவைக்கப் போட்டிருந்தார். அவள் கை பொத்தானை விட்டது. கண்ணாடி நிதானமாக, ஒரு பெரிய மனுஷன் வேண்டாதவரைப் பார்த்து முகம் திருப்புவதுபோல, வானத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டது. சிவதாணு அதன் பின்னாலேயே எம்பினார், குனிந்தார், வண்டியை ஒருமுறை சுற்றினார்.

சாட்சிக்கு வந்து நின்ற ராஜையனால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"அண்ணாச்சி, மீசையும் போச்சு. இனி எதுக்குப் பயம்? இந்தக் கண்ணாடியையும் சீட்டையும் நான் ஒண்ணு பாக்கட்டா?"

சிவதாணு மீசையின் வலப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். நான்கு வருஷத்தில் முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

"பாரு. ஆனா கொஞ்சம் பொறு. இன்னும் பாதி மீசை இருக்கு. அது போறவரைக்கும் தொடக் கூடாது."